நூற்று நாற்பத்து நான்கு கள்ள ஓட்டு

அத்தியாயம் 4

பலவேசம் துப்பறியும் நிலையத்துக்குச் சொந்தமான ஒரே வாகனம் ஒரு பழைய மொபெட். அதன் ஓட்டுநர், நிலையத்தின் தட்டச்சர், டீ வாங்கி வருபவர், அவசரத்துக்கு ஜன்னலோரம் நின்று ஒட்டுக் கேட்பவர் எல்லாமே ருக்சானா ஒருத்திதான். முதலாளி பலவேசம் பின்னால் உட்கார்ந்து கேரியர் கம்பியை இறுகப் பிடித்தபடி வருவார். எந்தக் கொலைகாரனுக்கும் அஞ்சமாட்டேன் என்று சொல்லிக்கொள்கிறவர், எதிரே லோடு லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். இதுவரை கொலைகாரன் எவனும் எதிரே வந்ததில்லை என்பதால், அவர் சொல்வது உண்மையா என்று ருக்சானாவால் சரிபார்க்க முடியவில்லை.

"தாயி, மெதுவா போ. ஆமத்தூர் விலக்கு எங்கனயும் ஓடிப் போயிராது."

"மூணரைக்குள்ள முடிக்கணும்னு நீங்கதான அண்ணாச்சி சொன்னீக? இதுக்கு மேல மெதுவாப் போனா வண்டிய நாமதான் தூக்கிட்டுப் போகணும்."

விருதுநகரில் ஒரு பரோட்டாக் கடையின் மாடியில் இருக்கும் அவர்கள் அலுவலகத்துக்கு அன்று காலை மூச்சு வாங்க ஏறி வந்தவர் லட்சுமிகாந்தம். சிவகாசியில் தீப்பெட்டி லேபிளும் காலண்டரும் அச்சடிக்கும் அச்சகத்துக்கு முதலாளி. மகன் செல்வக்குமார் படிக்கும் பூவலிங்கம் நினைவு மேல்நிலைப் பள்ளியில் பெற்றோர் சங்கத் தலைவரும் அவர்தான். அந்தப் பள்ளியில் நேற்று மாணவர் தலைவர் தேர்தல். செல்வக்குமாரை எதிர்த்து பானுப்பிரியா என்ற பன்னிரண்டாம் வகுப்பு மாணவி நின்றாள். ஓட்டுப்பெட்டியைத் திறந்தால் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் ஓட்டுப் போட்ட பெட்டியில் எழுநூற்று ஐம்பத்தாறு சீட்டு.

"அந்தப் பிள்ளதான் கள்ள ஓட்டுப் போட்டிருக்கு. அதை நிரூபிச்சுக் குடுங்க, போதும்" என்றார் லட்சுமிகாந்தம். யார் செய்தது என்பதைக் கண்டுபிடிக்கச் சொல்லாமல், முடிவையும் சேர்த்துக் கையில் கொடுத்துவிட்டுப் போன முதல் கட்சிக்காரர் அவர். பலவேசத்துக்கு அதிலேயே லேசாக முகம் சுருங்கிவிட்டது.

துப்பறியும் தொழிலுக்கு வருமுன் பலவேசம் பதினோரு வருடம் ஒரு லேபிள் அச்சகத்தில் வேலை பார்த்தவர். அங்கே என்ன வேலை என்று கேட்டால், "எண்ணுனேன்" என்பார். அதற்கு மேல் யார் வாயைக் கிளறினாலும் ஒன்றும் வராது.

ஆமத்தூர் விலக்கில் இருந்த பள்ளிக்குள் நுழைந்தபோது மணி இரண்டு பத்து. தலைமையாசிரியை அறை வாசலில் பெரிய அறிவிப்புப் பலகை தொங்கியது. மாணவர் தலைவர், பேண்டு வாத்தியக் குழுத் தலைவர், சாரணர் தலைவர், வாலிபால் கேப்டன், தமிழ் மன்றச் செயலாளர், தோட்டப் பொறுப்பாளர் என்று ஒரு மந்திரிசபைக்குத் தேவையான பதவிகள் எல்லாம் அதில் இருந்தன. அடியில் சிவப்பு மையில், 'ஒரு மாணவருக்கு ஒரு பதவி மட்டுமே' என்று கண்டிப்பாக எழுதியிருந்தது.

"அண்ணாச்சி, இதப் பாத்தீகளா? நம்ம ஆபீசுல ஒருத்திக்கு நாலு பதவி. நான் இங்க வந்து பன்னெண்டாப்பு சேந்துக்கிறட்டுமா?"

"உள்ள வா தாயி."

உள்ளே தலைமையாசிரியை சுப்புலட்சுமி நெற்றியில் தைலம் தடவிக்கொண்டிருந்தார். எதிரே லட்சுமிகாந்தம், மடியில் ஒரு காலண்டர்ச் சுருளோடு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். சுவரோரம் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பட்டாசுத் தொழிற்சாலையிலிருந்து நேராக வந்திருக்கிறாள். முழங்கைவரை வெள்ளித் தூள் மின்னியது. அவள் சின்னத்தாய். அவளை ஒட்டி இரட்டைச் சடையோடு நின்றவள் பானுப்பிரியா. அழுது முடித்த கண், ஆனால் தலை குனியவில்லை. ருக்சானாவுக்கு அந்தப் பிள்ளையைப் பார்த்ததும் பிடித்துவிட்டது.

"விசயம் இதுதாங்க" என்றார் சுப்புலட்சுமி. "ஓட்டுப் போட்ட பிள்ளைங்க சீட்டை மடிச்சு, பெட்டியோட துவாரத்துல போட்டாங்க. சாயந்திரம் மூடியைத் திறந்தா, மேலாக்கில ஒரு கத்தை மடிக்காமலே கிடக்கு. அவ்வளவும் பானுப்பிரியாவுக்கு டிக். எண்ணிப் பார்த்தோம், நூத்தி நாப்பத்தி நாலு. மடிச்ச சீட்டு சரியா அறுநூத்திப் பன்னெண்டு. அதை நாங்க பிரிக்கவே இல்லை."

"ஏன் பிரிக்கல?" என்றார் பலவேசம்.

லட்சுமிகாந்தம் முந்திக்கொண்டார். "எதுக்குப் பிரிக்கணும்? கள்ள ஓட்டுப் போட்டவுக பேரை அடிச்சிரணும். அதுதான் ரூல். மிச்சம் இருக்கிறது என் மகன் ஒருத்தன்தான். போட்டியே இல்ல."

அவர் மடியிலிருந்த சுருளை விரித்தார். ஜூன் தொடங்கி மே வரை பள்ளிக்கூடக் காலண்டர். நடுவில் கோட்டுப் போட்ட செல்வக்குமார், கன்னத்தில் கை. கீழே தங்க எழுத்தில் 'எங்கள் மாணவர் தலைவர்'.

"ஓட்டு எண்ணாமலே காலண்டரா?" ருக்சானா எட்டிப் பார்த்தாள். "அப்ப எலெக்சன் எதுக்கு சார் வச்சீக? அச்சகத்துல முடிச்சிருக்கலாமே."

"சீசன் நேரம்மா. அப்புறம் மிஷின் கிடைக்காது" என்றார் அவர், அது ஒரு நியாயம் போல.

"சரி, இந்தப் பிள்ள மேல சந்தேகம் எப்படி வந்துச்சு?" என்று கேட்டார் பலவேசம்.

காலையிலேயே ஓட்டுப் போட்டு முடித்துவிட்டதால், பெட்டி மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் விளையாட்டுச் சாமான் அறையில் இருந்ததாம். மிச்சமான வெற்றுச் சீட்டுகளும் அங்கேயேதான். அந்த நேரத்தில் பானுப்பிரியா அந்த அறையிலிருந்து வெளியே வந்ததை உடற்கல்வி ஆசிரியர் பார்த்திருக்கிறார்.

"டிரம் எடுக்கப் போனேன் டீச்சர்" என்றாள் பானுப்பிரியா. "சுதந்திர தினத்துக்கு பேண்டு பிராக்டீஸ். டிரம்மைக் கழுத்துல மாட்டிக்கிட்டு நூத்தி நாப்பத்தி நாலு சீட்டுல டிக் அடிக்க எனக்கு எத்தன கை இருக்கு?"

"அதோட அந்தக் கணக்கைப் பாருங்க" என்று விரலை நீட்டினார் லட்சுமிகாந்தம். "நூத்தி நாப்பத்தி நாலு. பன்னெண்டு டஜன், ஒரு குரோஸ். பட்டாசு பயராபீசுல பெட்டி அடுக்குற கணக்கு. அம்மா அங்க அடுக்குறாக, மக இங்க அடுக்கிருச்சு."

சின்னத்தாய்க்குப் பொறுக்கவில்லை. "ஏன்யா, இந்த ஊருல குரோஸ் தெரியாத ஆளு யாரு இருக்கா? எங்க வீட்டுச் சேவலக் கேட்டாக்கூடச் சொல்லும்." சட்டென்று அவள் குரல் இறங்கியது. "டீசியக் குடுத்து அனுப்புவோம்னு சொல்றாக சார். பன்னெண்டாப்பு நடுவுல டீசிய வாங்கிட்டு எந்தப் பள்ளிக்கொடத்துல சேப்பேன்? நாளைக்குக் காலைல எங்க கம்பெனி வேன்லதான் இவளையும் ஏத்தணும். அதுக்கா இம்புட்டு வருசம் நான் பட்டாசு மருந்துல வெந்தேன்?"

மூன்றரைக்கு எல்லாப் பிள்ளைகளும் மைதானத்தில் கூடப் போகிறார்கள். அங்கே மைக்கில் பானுப்பிரியாவின் பெயரை வாசிக்கப் போகிறார்கள். ருக்சானா கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு முப்பத்தைந்து.

"அந்தக் கத்தையக் குடுங்க டீச்சர்" என்றார் பலவேசம்.

கள்ள ஓட்டுக் கட்டை வாங்கிக் காதோரம் வைத்து விரலால் சரசரவென்று ஓட்டினார். பிறகு மேசையில் வைத்து ஒவ்வொன்றாகத் தள்ளினார். தள்ளத் தள்ள அவர் மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு முளைத்தது. அந்தச் சிரிப்பை ருக்சானா வருடத்துக்கு இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறாள்.

"தாயி, இந்தக் காதைப் பாரு."

ஒரு சீட்டின் வலது மேல்முனை துளியூண்டு மடிந்து, நகத்தால் அழுத்தியதுபோலப் படிந்திருந்தது. இன்னும் பதினொரு சீட்டை மட்டும் எடுத்து அவள் முன்னால் வரிசையாக வைத்தார். எல்லாவற்றிலும் அதே முனையில் அதே மடிப்பு. மற்ற சீட்டுகளின் முனை எதுவும் மடியவில்லை.

"பன்னெண்டு காது" என்றாள் ருக்சானா. "பன்னெண்டு சீட்டுக்கு ஒரு காதா?"

"டீச்சர், எண்ணும்போது நீங்க மடிச்சீகளா?" என்று கேட்டார் பலவேசம்.

"நான் எதுக்குங்க மடிக்கிறேன்? பத்துப் பத்தாத்தான் எண்ணினேன்."

"பாத்தீகளா, டஜன் கணக்கு!" லட்சுமிகாந்தம் நாற்காலியில் துள்ளினார். "நான்தான் சொன்னேனே!"

"நீங்க சொன்னது ரொம்ப உதவியா இருக்கு சார்" என்றார் பலவேசம் பவ்யமாக. "டீச்சர், அந்தச் சாமான் அறைச் சாவி யாருகிட்ட இருக்கும்?"

"வாலிபால் கேப்டன்கிட்ட. அதாவது, செல்வக்குமார்கிட்ட. ஆனா விழுந்த ஓட்டு அவனுக்குன்னாத்தானே சந்தேகப்படலாம்? எதிராளிக்கு அவன் போடுவானா?"

"ரெண்டு வேட்பாளரும் கொஞ்சம் வேணும். மிச்சமிருக்கிற வெத்துச் சீட்டும் வேணும். மொத்தம் ஆயிரம் அடிச்சீக இல்லையா? கணக்கு நேர் பாக்கணும்."

செல்வக்குமார் வந்தான். காலண்டரில் கன்னத்தில் கை வைத்திருந்தவன் நேரில் வேறு மாதிரி இருந்தான். முட்டியில் சிராய்ப்பு, சட்டையெல்லாம் செம்மண், கழுத்தில் கயிற்றில் தொங்கும் சாவி. அப்பாவைப் பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை. அவனுடைய தேர்தல் சின்னம்கூட வாலிபால்தான் என்று சீட்டில் பார்த்திருந்தாள் ருக்சானா. சிங்கம் வை என்று அப்பா சொல்லியும் பையன் கேட்கவில்லையாம்.

பலவேசம் வெற்றுச் சீட்டுகளைக் குத்துமதிப்பாக இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு கட்டு கொடுத்தார். "எனக்குக் கண்ணு மங்கல். எம்புட்டு இருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க பாப்போம்."

பானுப்பிரியா முதல் சீட்டை எடுத்து, ஒன்றுக்குப் பதில் "லாபம்" என்று தொடங்கினாள். அப்புறம் ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. ஐந்து சேர்ந்ததும் ஒரு கும்பல். மேசை முழுக்க ஐந்தைந்தாகக் கும்பல் பரவியது. அவள் அம்மாவும் அவளோடு சேர்ந்து உதட்டுக்குள்ளேயே எண்ணிக்கொண்டிருந்தாள்.

செல்வக்குமார் வாயே திறக்கவில்லை. இடது கையில் கட்டை விசிறிபோல விரித்து, வலது கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போனான். விரல் போன வேகத்தில் ருக்சானாவால் பின்தொடர முடியவில்லை. பையனின் கண் ஜன்னல் வழியாக மைதானத்து வலையில் இருந்தது. கை மட்டும் இங்கே வேலை பார்த்தது. எண்ணினான், எண்ணினான், கட்டைவிரல் ஒரு கணம் நின்றது. ஒரு சீட்டின் வலது முனையை மடித்து, நகத்தால் அழுத்தி, மறுபடி ஓடியது.

ருக்சானாவின் வாய் தானாகப் பிளந்தது. பலவேசம் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தார்.

"நூத்தி இருபத்தி ஒண்ணு" என்று கட்டை வைத்தான் செல்வக்குமார்.

"எத்தனை காது தம்பி?"

"பத்து காது, ஒண்ணு உதிரி..." என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவன் பார்வை மேசையில் வரிசையாகக் கிடந்த பன்னிரண்டு சீட்டுக்குப் போனது. பேந்தப் பேந்த விழித்தான்.

பலவேசம் நிதானமாக எழுந்தார். "பயராபீசுல பெட்டிய எண்ணுவாக டீச்சர். பெட்டிக்குக் காது கிடையாது, மடிக்க முடியாது. லேபிள் பிரஸ்சுல மட்டும்தான் தாளை எண்ணுறது. டஜனுக்கு ஒரு காது மடிக்கணும், பன்னெண்டு காது வந்தா ஒரு குரோஸ், கட்டிப் போட்டுற வேண்டியது. பதினோரு வருசம் நான் பாத்த வேலை. இந்த வேலையக் கத்துக்கிட்ட கை, சோத்துக்கு அப்பளம் எண்ணி வச்சாக்கூட மடிக்கத்தான் பாக்கும். தம்பி லீவுக்கெல்லாம் அப்பா பிரஸ்சுல எண்ணப் போவீகளோ?"

"போவேன் சார்" என்றான் பையன் முனகலாக.

லட்சுமிகாந்தம் நாற்காலி கீழே விழ எழுந்தார். "என்னய்யா கத விடுறே? என் மகன் தனக்கு எதிரா தானே ஓட்டுப் போடுறதுக்கு அவன் என்ன கிறுக்கனா?"

"அதை நான் சொல்லட்டுமா அண்ணாச்சி?" ருக்சானாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "சார், வாசல்ல ஒரு போர்டு தொங்குது. வரும்போது உங்க காலண்டரைப் பாத்துக்கிட்டே வந்ததுல நீங்க கவனிச்சிருக்க மாட்டீக. ஒரு மாணவருக்கு ஒரு பதவி மட்டுமே. உங்க மகன் தலைவராயிட்டா வாலிபால் கேப்டனா இருக்க முடியாது. தம்பி, அடுத்த மேட்ச் எப்ப?"

"சனிக்கிழம. காரியாபட்டில" என்றான் செல்வக்குமார். அதோடு அணை உடைந்தது. "நான் நிக்கமாட்டேன்னுதான் சொன்னேன். அப்பாதான் பாரத்தைப் பூர்த்தி பண்ணி என் கையெழுத்தையும் அவுகளே போட்டாக. மூணு வருசமா டீம் சேத்திருக்கேன் டீச்சர். எனக்கு பிரேயர்ல உறுதிமொழி வாசிக்க வேணாம். எப்படியாவது தோத்துரணும்னு... கை பாட்டுக்கு ஒரு குரோஸ் எண்ணி எடுத்துருச்சு, அம்புட்டையும் டிக் அடிச்சுப் போட்டுட்டேன். மணி அடிச்சிருச்சு, மடிக்க நேரமில்ல."

"தோக்குறதுக்குக் கள்ள ஓட்டு!" ருக்சானா பலவேசத்தைப் பார்த்தாள். "நம்ம நாட்டுல இது புதுசு அண்ணாச்சி."

பானுப்பிரியா அவனை நேராகப் பார்த்தாள். "நேத்து சாயந்திரத்துல இருந்து எல்லாரும் என்னையக் கள்ளின்னு பேசுறாக. நீ வலை கட்டிக்கிட்டிருந்தியேடா. ஒரு வார்த்த சொன்னியா?"

"டீசி வரைக்கும் போகும்னு தெரியாது" என்று தரையிடம் சொன்னான்.

"பெட்டியைப் பிரிங்க" என்றார் சுப்புலட்சுமி. அன்று முதல் தடவையாக அவர் குரலில் தலைமையாசிரியை தெரிந்தார். லட்சுமிகாந்தம் வாயைத் திறந்தார். "நீங்க உக்காருங்க சார்" என்றார் சுப்புலட்சுமி திரும்பாமலே. பெற்றோர் சங்கத் தலைவர் விழுந்த நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

மணி மூன்றுக்கு மடித்த சீட்டுகளைப் பிரிக்கத் தொடங்கினார்கள். சமோசா மடிப்பு, ராக்கெட் மடிப்பு, பட்டாசுக் குழாய்போலச் சுருட்டியது என்று அறுநூற்றுப் பன்னிரண்டும் அறுநூற்றுப் பன்னிரண்டு தினுசு. சுப்புலட்சுமி பிரித்து வாசிக்க, ருக்சானா கோடு போட்டாள். ஒன்பது செல்லாத ஓட்டு. அதில் ஒன்றில் இரண்டு பெயரையும் அடித்துவிட்டு, உடற்கல்வி ஆசிரியரைக் கொம்போடு வரைந்திருந்தது. சாயல் நன்றாக வந்திருந்தது.

"செல்வக்குமார், இருநூத்தி எழுபத்திரெண்டு" என்று வாசித்தாள் ருக்சானா. "பானுப்பிரியா, முந்நூத்தி முப்பத்தொண்ணு."

சின்னத்தாய் மகளின் கையைப் பிடித்தாள். வெள்ளித் தூள் மகளின் கையிலும் அப்பியது. பானுப்பிரியா இப்போதுதான் அழுதாள். ருக்சானா கோடு போட்ட தாளை எடுத்து முகத்துக்கு நேராக விசிறிக்கொண்டாள்.

"ஆக, தம்பி கள்ள ஓட்டே போட்டிருக்க வேணாம்" என்றார் பலவேசம். "சும்மா இருந்திருந்தாலே நல்லபடியாத் தோத்திருக்கலாம்."

செல்வக்குமாரின் முகம் மாறிக்கொண்டிருந்தது. தப்பித்தோம் என்ற நிம்மதி வர வேண்டிய இடத்தில் வேறு எதுவோ வந்தது. "முந்நூத்தி முப்பத்தொண்ணா? எங்க கிளாசுலயே நாப்பத்தெட்டுப் பேரு எனக்குத்தான் போடுவோம்னாங்களே." எச்சில் விழுங்கினான். "டீச்சர், இன்னொரு தடவ எண்ணச் சொல்லுங்க."

அறையே அவனைப் பார்த்தது. தோற்பதற்காகக் குற்றம் செய்த பையன் மறு எண்ணிக்கை கேட்கிறான்.

"அவனே எண்ணட்டும் டீச்சர்" என்றாள் பானுப்பிரியா. தன் ஓட்டுக் கட்டை அள்ளி அவன் முன்னால் வைத்தாள்.

எண்ணினான். இந்தத் தடவை கண் ஜன்னல் பக்கம் போகவில்லை. கட்டைவிரல் மெதுவாக நகர்ந்தது. டஜனுக்கு ஒரு காதாக மடித்துக்கொண்டே வந்தான். இருபத்தேழு காது, ஏழு சீட்டு உதிரி. கடைசிச் சீட்டைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான்.

"சரியாத்தான் இருக்கு" என்றான்.

"உன் கேப்டன் பதவி இன்னியோட போச்சு" என்றார் சுப்புலட்சுமி.

"வேணாம் டீச்சர்." பானுப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "காரியாபட்டிகிட்ட போன வருசமே தோத்தோம். இவன் இல்லாமப் போனா இன்னும் கேவலமாத் தோப்போம். சனிக்கிழம ஆடிட்டு வரட்டும். ஆனா இப்ப மைக்குல நீங்க பேச வேணாம், நானும் பேச வேணாம். என்ன செஞ்சான்னு அவனே சொல்லட்டும். எனக்கு எம்புட்டு, அவனுக்கு எம்புட்டுங்கிறதையும் சேத்து."

மூன்றரைக்கு மணி அடித்தது. அறுநூறு பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். லட்சுமிகாந்தம் காலண்டர்ச் சுருளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் காரை நோக்கிக் கம்பி நீட்டினார். செல்வக்குமார் மைக் முன்னால் போய் நின்றான்.

கள்ள ஓட்டைத் தான்தான் போட்டேன் என்று தடுமாறாமல் சொன்னான். பானுப்பிரியாவிடம் மன்னிப்புக் கேட்டான். அதிலும் குரல் தெளிவாகவே இருந்தது. அவள் வாங்கிய ஓட்டைச் சொன்னான். மைதானம் கைதட்டியது. தட்டி முடியும்வரை காத்திருந்து, "எனக்கு இருநூத்தி..." என்று ஆரம்பித்தபோதுதான் குரல் உடைந்தது.

வராந்தாத் தூணில் சாய்ந்து நின்ற ருக்சானா, கிண்டல் ஒன்றைத் தயாராக வைத்திருந்தாள். ஆனால் சின்னத்தாய் முந்திக்கொண்டாள்.

"பாவம்ல பய" என்றாள் அவள். "நெசமாவே தோத்துட்டான்."